சுங்கை சிப்புட்டிலிருந்து சிம்பொனி அரங்கம் வரை: மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழுவை நேரில் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூருக்குப் போகும் சுங்கை சிப்புட் குடும்பங்கள் இரட்டைக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவது அரிது. ஆனால் அந்த இரண்டு கோபுரங்களின் அடியிலேயே சுமார் 900 இருக்கைகள் கொண்ட ஓர் இசையரங்கம் இருக்கிறது என்பதும், ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல், பல வகை மேற்கத்திய வாத்தியங்கள் சேர்ந்த முழு சிம்பொனி இசைக்குழு ஒன்று அங்கே வாசிக்கிறது என்பதும், அதைக் கேட்கச் சாதாரண மக்களும் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்பதும் நம் ஊரில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர், அது பணக்காரர்களும் வெள்ளைக்காரர்களும் போகும் இடம் என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையற்றது என்பது என் உறுதியான கருத்து. சுங்கை சிப்புட்டிலோ, அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலோ, பேராக்கின் வேறு சிற்றூர்களிலோ இருந்து முதல் முறையாகப் போக விரும்பும் ஒருவர், இசைக்குழுவின் வரலாற்றில் தொடங்கி வீடு திரும்பும் ரயில் வரை அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: யாரைக் கேட்கப் போகிறோம் என்று அறிந்துகொள்ளுங்கள்

மலேசியாவில் மேற்கத்திய வாத்தியக் குழுக்கள் புதியவை அல்ல. வானொலிக்கென ஓர் இசைக்குழு 1961-இல் அமைந்தது. பின்னர் 1993-இல் தேசிய சிம்பொனி இசைக்குழு உருவாகி, இன்று இஸ்தானா புடாயாவில் இயங்குகிறது. இவற்றுக்குப் பிறகு வந்ததுதான் மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு. அது தன் முதல் நிகழ்ச்சியை 1998-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் நாள், இரட்டைக் கோபுரத்தின் அடியில் உள்ள அந்த டேவான் பில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் அரங்கில் நடத்தியது.

அந்த ஆண்டை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அது எத்தகைய காலம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆசிய நிதி நெருக்கடி நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதத் தொடக்கத்திலேயே அரசாங்கம் ரிங்கிட்டின் மதிப்பை ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 என்று நிலைநிறுத்தியது. அப்படிப்பட்ட நேரத்தில், ஓர் எண்ணெய் நிறுவனத்தின் முழு ஆதரவோடு, உலகின் பல பகுதிகளில் தேர்வு நடத்தி, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் கலைஞர்களைத் திரட்டி ஓர் இசைக்குழுவை ஏறத்தாழ ஒரே மூச்சில் நிறுவியது துணிச்சலான செயல். வியன்னாவின் பில்ஹார்மோனிக்கும் நியூயார்க்கின் பில்ஹார்மோனிக்கும் 1842-இல் தோன்றி, தலைமுறை தலைமுறையாக வளர்ந்தவை. கோலாலம்பூரின் இசைக்குழுவுக்கு அத்தகைய நீண்ட அவகாசம் கிடைக்கவில்லை.

அதனாலேயே விமர்சனமும் எழுந்தது. நாட்டின் பெயரைத் தாங்கிய இசைக்குழுவில் மலேசியர்கள் மிகக் குறைவாக இருக்கிறார்களே என்று பலரும் கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். உள்ளூர் இளையோருக்கு முறையான பயிற்சி தர மலேசிய பில்ஹார்மோனிக் இளையோர் இசைக்குழு உருவாக்கப்பட்டு, 2007-இல் மேடையேறியது. நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை, இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஆண்டு 1998 அல்ல, 2007 என்றே சொல்வேன்.

இசைக்குழுவைத் தொடக்கத்திலிருந்து 2005 வரை வழிநடத்தியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கீஸ் பாக்கெல்ஸ். அவருக்குப் பின் மத்தியாஸ் பாமெர்ட்டும், 2008 முதல் 2014 வரை கிளாஸ் பீட்டர் ஃப்ளோரும் இசை இயக்குநர்களாக இருந்தார்கள். 2021-இல் அப்பொறுப்பை ஜுன் மேர்க்கல் ஏற்றார். மேடையில் நின்று கையசைவால் வாசிப்பை வழிநடத்துபவரை நடத்துநர் என்பார்கள்; லோரின் மாஸல் போன்ற உலகப் புகழ்பெற்ற நடத்துநர்களும் விருந்தினராக வந்து இக்குழுவை நடத்தியிருக்கிறார்கள்.

இரண்டாம் படி: எந்த நிகழ்ச்சி என்று தேர்ந்தெடுங்கள்

ஒரே அரங்கில் பல வகை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. திரைப்பட இசை, மலாய்ப் பாடல்கள், குடும்ப நிகழ்ச்சி, சிறிய குழுவின் அறை இசை, முழு சிம்பொனி என்று அட்டவணை விரியும். முதல் முறை போகிறவர்களைத் திரையிசை நிகழ்ச்சிக்கு அனுப்பும் வழக்கம் பலரிடம் உண்டு; தெரிந்த மெட்டாக இருந்தால் அலுக்காது என்பது அவர்கள் சொல்லும் காரணம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அத்தகைய நிகழ்ச்சிகளில் பாடகருக்காகவும் கூடுதல் வாத்தியங்களுக்காகவும் ஒலிபெருக்கியைப் பயன்படுத்துவது உண்டு. ஒலிபெருக்கி வழியாகக் கேட்பதற்கு நாம் ரயிலேறி இத்தனை தொலைவு போக வேண்டியதில்லை. மரத்திலும் நரம்பிலும் பித்தளையிலும் பிறக்கும் ஒலி இடையில் எந்தக் கருவியும் இல்லாமல் நேராகக் காதுக்கு வருவதுதான் இந்தப் பயணத்தின் பயன். ஆகவே முழு சிம்பொனி ஒன்று இடம்பெறும் நிகழ்ச்சியையே தேர்ந்தெடுங்கள்.

நாள் விஷயத்தில், ஞாயிறு பிற்பகல் நிகழ்ச்சி அட்டவணையில் இருக்குமானால் நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி முடியும் நேரத்தில் வடக்கே போகும் ரயிலைப் பிடிப்பது கடினம். தலைநகரில் தங்க இடம் இருந்தால் மட்டுமே அதை எண்ணிப் பாருங்கள்.

சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள், அந்த நிகழ்ச்சிக்கு வயது வரம்பு உண்டா என்று சீட்டு வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். தமிழ்ப்பள்ளி மாணவர்களைக் குழுவாக அழைத்துச் செல்ல எண்ணும் ஆசிரியர்கள், சலுகைக் கட்டணம் குறித்தும் கல்வி நிகழ்ச்சிகள் குறித்தும் அரங்க நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது.

மூன்றாம் படி: வீட்டிலேயே காதைப் பழக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்ற முடியும் என்றால், இதையே பின்பற்றுங்கள். முன்பின் கேட்டிராத நாற்பது நிமிட இசையை அரங்கில் முதன்முறையாகக் கேட்பவருக்கு அது ஒரே ஒலித்திரளாகத்தான் தோன்றும். அதே இசையை இரண்டு வாரம் முன்பிருந்து கேட்டு வந்தவருக்கோ, தெரிந்த மெட்டு எந்த வாத்தியத்திலிருந்து எழப்போகிறது என்ற எதிர்பார்ப்பே கண்களையும் காதுகளையும் மேடையில் நிறுத்திவிடும். இளையராஜாவின் சிம்பொனி 2025-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் இலண்டனில் அரங்கேறிய பிறகு, அதன் அமைப்பைப் பற்றி நம் வீடுகளிலும் பேச்சு எழுந்தது. ஒரு சிம்பொனி என்பது வழக்கமாக நான்கு தனித்தனிப் பகுதிகளைக் கொண்டது. அவற்றை மூவ்மென்ட் என்பார்கள். விரைவான தொடக்கம், மெதுவான இரண்டாம் பகுதி, நடனத் தன்மையுள்ள மூன்றாம் பகுதி, நிறைவுப் பகுதி என்பது பொதுவான வரிசை. எல்லா சிம்பொனிகளும் இதற்குக் கட்டுப்படுவதில்லை.

தொடங்குவதற்கு நான் மூன்று படைப்புகளைச் சொல்வேன். முதலாவது, ரிம்ஸ்கி கோர்சகோவ் 1888-இல் எழுதிய ‘ஷெஹரசாடே’. இது சிம்பொனி அல்ல, நான்கு பகுதிகள் கொண்ட ஒரு தொகுப்பு. ஆயிரத்தொரு இரவுகளின் கதையைத் தெரிந்த எவரும் இதற்குள் எளிதாக நுழையலாம்: தொடக்கத்தில் பித்தளை வாத்தியங்களின் கடுமையான குரலில் மன்னன் வருகிறான், அதற்குப் பதிலாக, யாழ் போன்ற ஹார்ப் வாத்தியத்தின் துணையோடு ஒற்றை வயலினில் கதைசொல்லும் பெண் பேசுகிறாள். இதை மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழுவே பாக்கெல்ஸ் தலைமையில் சுவீடனின் பிஸ் நிறுவனத்துக்காகப் பதிவு செய்திருக்கிறது. நேரில் கேட்கப்போகும் குழுவின் பதிவையே வீட்டில் கேட்டுப் பழகுவது தனிச் சிறப்பு.

இரண்டாவது, பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி. 1808-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் வியன்னாவில், ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீண்ட ஒரு நிகழ்ச்சியில், குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த மக்கள் முன் இது முதன்முதலில் வாசிக்கப்பட்டது. தொடக்கத்தின் நான்கு சுரங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் நீங்கள் காத்திருக்க வேண்டிய இடம் மூன்றாம் பகுதியின் முடிவு. ஒலி மிகவும் தணிந்து, டிம்பனி என்னும் பெரிய முரசு மட்டும் மெல்லத் துடித்துக்கொண்டிருக்க, நிறுத்தமே இல்லாமல் நான்காம் பகுதி வெடித்துத் திறக்கும். டிராம்போன்கள் என்னும் பித்தளை வாத்தியங்கள் அதுவரை ஒரு சுரமும் வாசிக்காமல் அமர்ந்திருந்து, அந்தக் கணத்தில்தான் முதன்முறையாக நுழைகின்றன. ஒலிப்பதிவில் இது சற்று உரத்த ஓசையாக மட்டும் கேட்கும். அரங்கில் உடலே அதை உணரும்.

மூன்றாவது, துவோர்ஷாக் எழுதிய ஒன்பதாம் சிம்பொனி. 1893-ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறியது. அதன் இரண்டாம் பகுதியில் இங்கிலீஷ் ஹார்ன் என்னும் குழல் வாத்தியம் பாடும் நீண்ட மெட்டைக் கேட்டுப் பழகுங்கள். நிறைவுப் பகுதியில் கைத்தாளம் போன்ற சிம்பல் வாத்தியம் முழு சிம்பொனிக்கும் சேர்த்து ஒரே ஒரு முறை ஒலிக்கிறது. அந்த ஒரு தட்டுக்காக ஒரு கலைஞர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், இசைக்குழு என்றால் என்ன என்பதை அவர்கள் தாமாகவே விளங்கிக்கொள்வார்கள்.

உங்கள் நிகழ்ச்சியில் வேறு படைப்பு இருந்தால் அதையே கேளுங்கள். கைப்பேசியின் காதொலிப்பானில் கேட்பதை விட, வீட்டில் உள்ள பெரிய ஒலிபெருக்கியில், மற்ற வேலை எதுவும் இல்லாமல், ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று கேட்பது போதும்.

நான்காம் படி: இருக்கையும் சீட்டும்

சீட்டுகளை அரங்கத்தின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் வாங்கலாம். மாணவர்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் சலுகை அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலை உயர்ந்த இருக்கைதான் சிறந்தது என்று எண்ண வேண்டாம். இந்த அரங்கம் ஐரோப்பாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு அரங்கங்களைப் பின்பற்றி, நீண்ட பெட்டி வடிவில் அமைந்தது. இரட்டைக் கோபுரத்தை வடிவமைத்த சீசர் பெல்லியே இதையும் வடிவமைத்தார். ஒலியியல் பணியைக் கிர்க்கேகார்டு நிறுவனம் செய்தது. இத்தகைய அரங்கில், மேடையிலிருந்து நேராக வரும் ஒலியோடு இரண்டு பக்கச் சுவர்களிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் மிகச் சிறிய இடைவெளியில் காதை வந்தடைவதால், இசை நம்மைச் சூழ்ந்திருப்பதாகத் தோன்றும். மேற்கூரைத் தகடுகளை, நிகழ்ச்சிக்கு ஏற்ப உயர்த்தியும் தாழ்த்தியும் ஒலியைச் சீர்படுத்துகிறார்கள்.

முதல் சில வரிசைகளில் அமர்ந்தால் வயலின் கலைஞர்களின் காலணிகள்தான் தெரியும். பின்னால் இருக்கும் குழல்களும் பித்தளை வாத்தியங்களும் மறைந்துவிடும், ஒலியும் சமநிலையில் வராது. முதல் முறைக்கு மேல் மாடத்தின் நடுப்பகுதியையே பரிந்துரைக்கிறேன். யார் எப்போது வாசிக்கிறார்கள் என்பது முழுவதும் தெரியும். எல்லாம் கலந்த ஒலியும் கிடைக்கும்.

ஐந்தாம் படி: பயணம்

சுங்கை சிப்புட் நிலையத்தில் நிற்கும் இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய்ச் சேர ஏறத்தாழ மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ரயிலும் இங்கே நிற்பதில்லை. தேவைப்பட்டால் ஈப்போவிலிருந்து ஏறலாம். இசை நிகழ்ச்சிச் சீட்டை வாங்கிய அன்றே போக வர இரண்டு ரயில் சீட்டுகளையும் எடுத்துவிடுங்கள். பள்ளி விடுமுறையும் தீபாவளியும் நெருங்கும் வாரங்களில் ஞாயிறு மாலை ரயில்கள் விரைவில் நிரம்பிவிடும். கேஎல் சென்ட்ரலில் கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டியில் ஏறினால் பசார் செனி, மஸ்ஜித் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு ஆகியவற்றைத் தாண்டி ஐந்தாவது நிலையம் கேஎல்சிசி. அங்கிருந்து வெயிலோ மழையோ படாமல் சூரியா வணிக வளாகத்துக்குள் நடந்து, கோபுரங்களின் பக்கம் போக வேண்டும்.

பேருந்தில் வருகிறவர்கள் பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்தில் இறங்கி, எல்ஆர்டியில் மஸ்ஜித் ஜாமெக் வந்து, அங்கே கிளானா ஜெயா தடத்துக்கு மாறலாம்.

நிகழ்ச்சி தொடங்குவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாக அங்கே இருக்கும்படி திட்டமிடுங்கள். இசை தொடங்கியபின் கதவு மூடப்படும்; தாமதமாக வருபவரை, பொருத்தமான இடைவெளி வரும்போதுதான் உள்ளே விடுவார்கள். மதிய உணவை முன்பே முடித்துவிடுங்கள். அரங்கத்துக்குள் உணவுக்கு இடமில்லை.

ஆறாம் படி: உடை

அரங்கத்தின் உடைவிதியைச் சீட்டு வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அரைக்கால் சட்டை, ரப்பர்ச் செருப்பு, காலர் இல்லாத பனியன் வகைச் சட்டை ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். நீண்ட கை பாத்தேக் சட்டையோ, சேலையோ, பஞ்சாபி உடையோ முழுக்கப் பொருத்தமானவை. கோட்டும் டையும் வாங்கப் பணம் செலவிட வேண்டாம். அரங்கில் குளிர் அதிகம் என்பதால், பெரியவர்களுக்கு ஒரு சால்வை கட்டாயம் வேண்டும்.

ஏழாம் படி: அரங்கிற்குள்

நிகழ்ச்சிக் குறிப்பைக் கையில் எடுத்ததும் எத்தனை படைப்புகள், ஒவ்வொன்றிலும் எத்தனை பகுதிகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு சிறிய படைப்பு, பிறகு ஒரு தனிக் கலைஞர் குழுவோடு சேர்ந்து வாசிக்கும் கன்செர்ட்டோ, இடைவேளை, அதன்பின் சிம்பொனி என்ற வரிசையில் இருக்கும். மேடைக்குப் பின்னால் தெரியும் பெரிய குழாய்கள் ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் செய்த ஆர்கன் வாத்தியத்துக்கு உரியவை.

விளக்குகள் மங்கியதும் முதல் வயலின் கலைஞர் எழுந்து நிற்பார். ஓபோ என்னும் குழல் ஒரு நீண்ட சுரம் கொடுக்க, எல்லாரும் அதற்குத் தங்கள் வாத்தியங்களைச் சேர்ப்பார்கள். இதைத் தவறவிடாதீர்கள். நம் நாதஸ்வரத்தின் சீவாளியைப் போலவே ஓபோவும் இரட்டை நாணல் வழியாக ஊதப்படுவது. திருவிழாக்களில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது, முழுக் குழுவிலும் அந்த ஒலியை எளிதில் பிரித்தறியும். உங்கள் கவனத்துக்கு அதுவே நல்ல தொடக்கப் புள்ளி.

நடத்துநர் வந்து இசை தொடங்கும்போது, ஒலி எதிர்பார்த்ததைவிட மெல்லியதாக இருக்கிறதே என்று தோன்றலாம். தோட்டத்துத் திருவிழாவில் உறுமி மேளமும், கல்யாண மண்டபத்தில் ஆள் உயர ஒலிபெருக்கிகளும் நம்மைத் தேடி வந்து ஒலிக்கும். இங்கே நாம்தான் ஒலியைத் தேடிப் போக வேண்டும். சில நிமிடங்களில் காது தானாகத் திறந்துகொள்ளும். அப்போது வயலின்களின் விற்கள் ஒரே நேரத்தில் திசை மாறும் ஓசையையும், வாசிப்புக்கு முன் புல்லாங்குழல் கலைஞர் இழுக்கும் மூச்சையும், டபுள் பேஸ் என்னும் மிகப் பெரிய நரம்பு வாத்தியத்தின் அதிர்வு தரை வழியாகப் பாதத்துக்கு வருவதையும் உணர்வீர்கள். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் சிம்பொனி இசையின் உயிர். ஒலிப்பதிவு அந்தத் தூரத்தைச் சுருக்கித்தான் தர முடியும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்க முயல வேண்டாம். முதல் பகுதியில் நரம்பு வாத்தியங்களை மட்டும், இரண்டாம் பகுதியில் குழல்களை மட்டும் என்று பின்தொடருங்கள். நடத்துநரின் இடக்கை எந்தப் பக்கம் நீள்கிறதோ, பெரும்பாலும் அங்கிருந்துதான் அடுத்த குரல் எழும். மனம் அலைந்தால் வருந்தாமல் ஏதாவது ஒரு வாத்தியத்தில் மீண்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கைதட்டல் பற்றிப் பலருக்கும் அச்சம் உண்டு. ஒரு கச்சேரியில் நல்ல பிடிப்புக்கு உடனே தலையாட்டி ஆகா என்று சொல்லும் பழக்கம் நமக்கு இயல்பானது. மேற்கிலும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது: பாரிஸில் தன் சிம்பொனி வாசிக்கப்படும்போதே மக்கள் ஆரவாரித்ததை மொசார்ட் 1778-இல் தன் தந்தைக்கு மகிழ்ச்சியோடு எழுதினார். இன்றைய வழக்கம் வேறு. பகுதிகளுக்கு இடையில் அமைதி காத்து, முழுப் படைப்பும் முடிந்த பிறகே தட்டுகிறார்கள். சைக்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியில் மூன்றாம் பகுதி பெரும் முழக்கத்தோடு முடிவதால், அதுவே முடிவென்று எண்ணித் தட்டுவது உலகெங்கும் நடக்கிறது. சோகமான இறுதிப் பகுதி அதற்குப் பின்தான் வருகிறது. ‘ஷெஹரசாடே’யோ மிக மெல்லிய ஒலியில் முடிகிறது, அங்கே அவசரப்பட்டுத் தட்டினால் கடைசிச் சுரமே கெட்டுவிடும். நடத்துநர் கைகளை முழுவதும் தாழ்த்தி, நம் பக்கம் திரும்பும் வரை காத்திருங்கள், ஒருபோதும் தவறாது.

கைப்பேசியை முழுமையாக அணைத்துவிடுங்கள். ஒலியை மட்டும் நிறுத்தினால், திரையின் வெளிச்சம் சுற்றியிருப்பவர்களை உறுத்தும். இசை நடக்கும்போது படம் எடுக்கக் கூடாது. இருமல் உள்ளவர்கள் மிட்டாயை உறையிலிருந்து முன்பே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: திரும்பிய பின்

ஓரிரு நாளுக்குள் அதே படைப்பின் ஒலிப்பதிவை இன்னொரு முறை கேளுங்கள். அரங்கில் கண்டது நினைவிருக்கும்போதே கேட்டால், முன்பு கலங்கலாக இருந்த இடங்களில் எந்த வாத்தியம் வாசிக்கிறது என்பது துலங்கும். அடுத்த முறை, முதலில் கேட்டதிலிருந்து சற்று விலகிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: செல்லோ என்னும் பெரிய நரம்பு வாத்தியத்துக்கான ஒரு கன்செர்ட்டோ, அல்லது ஆர்கனும் சேர்ந்த ஒரு படைப்பு.

பிள்ளை ஒருவேளை தானும் வாசிக்க வேண்டும் என்று கேட்டால், அந்த ஆர்வம் ஆறுவதற்குள் ஈப்போவில் வயலினுக்கோ செல்லோவுக்கோ ஆசிரியரைத் தேடுங்கள். தொடக்கத்திலேயே வாத்தியம் வாங்காமல் வாடகைக்கு எடுப்பது நல்லது. வளரும் பிள்ளைக்கு அளவு மாறிக்கொண்டே இருக்கும். பள்ளியில் பித்தளை வாத்தியக் குழு இருந்தால், டிரம்பெட்டும் டிராம்போனும் அங்கேயே தொடங்கலாம். சில ஆண்டுகள் விடாமல் பயின்ற பின், இளையோர் இசைக்குழுவின் தேர்வு அறிவிப்பைக் கவனித்து விண்ணப்பியுங்கள். எந்த வாத்தியங்களுக்கு இடம் இருக்கிறது, எந்தப் பகுதிகளை வாசித்துக் காட்ட வேண்டும் என்ற விவரங்கள் அந்த அறிவிப்பிலேயே இருக்கும்.